கட்டாக்குக்குப் போன ராஜா

1954ஆம் வருஷம் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே, பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்கு மூலையைச் சேர்ந்த இரண்டு பேர் இரண்டு நாற்காலிகளில் அமர்ந்தார்கள். விருதுநகர்க்காரர் காமராஜ் ஏப்ரல் 13 அன்று சென்னையில் முதலமைச்சரானார். அந்தக் கதையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், பிப்ரவரி 9 அன்று, ராஜபாளையத்துக்காரர் ஒருவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரிசாவின் ஆளுநரானார். இந்தக் கதையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சிவகாசியில் காமராஜர் படம் போட்ட காலண்டர் அச்சாகாத வருஷம் கிடையாது. சிவகாசியிலிருந்து ராஜபாளையம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பி.எஸ். குமாரசாமி ராஜாவின் படம் போட்ட காலண்டர் ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. ராஜபாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாய் ஞாபகம் வரும், விவரம் தெரிந்தவர்களுக்கு மில்லும் பேண்டேஜ் துணியும் ஞாபகம் வரும். சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமரும், குடியரசு பிறந்த பிறகு அதே சென்னையின் முதல் முதலமைச்சரும் இந்த ஊர்தான் என்று சொன்னால் "அப்படியா?" என்பார்கள். இரண்டும் ஒரே ஆள். 1950 ஜனவரி 26 அன்று பதவியின் பெயர் மாறியது, ஆள் மாறவில்லை.

குமாரசாமி ராஜா 1898இல் பிறந்தவர். பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, கொஞ்ச வருஷத்தில் தகப்பனையும் இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். விஜயநகர ஆட்சிக் காலத்தில் தெற்கே வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ராஜாவின் குடும்பப் பெயர் பூசபதி. ஆந்திராவின் வடகோடியில், ஒரிசா எல்லையை ஒட்டி இருக்கிற விஜயநகரம் சமஸ்தானத்து மன்னர் குடும்பத்துக்கும் அதே பூசபதிதான். பல தலைமுறைக்கு முன்னால் தெற்கே இறங்கிய ஒரு பெயர், 1954இல் அரசாங்க வேலையாகத் திரும்ப வடக்கே போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

காந்தியால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசுக்கு வந்தார்; சத்தியமூர்த்தியின் வட்டம். 1934இல் டெல்லியில் மத்தியச் சட்டசபை, 1937இல் சென்னைச் சட்டசபை. 1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகியபோது மாகாணத்தின் தலைமைக்கு வந்தார். அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் காமராஜ். கட்சிக்கு விருதுநகர், ஆட்சிக்கு ராஜபாளையம். ஒரு பஸ் பிரயாண தூரத்துக்குள் ஒரு மாகாணமே அடங்கியிருந்த மூன்று வருஷம் அது.

லேசான மூன்று வருஷம் இல்லை. அரிசிக்கு ரேஷன், பருவமழை பொய்த்த வருஷங்கள், தெலங்கானாவிலிருந்து கிருஷ்ணா மாவட்டம் வரை கம்யூனிஸ்டுகளோடு மோதல். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் காவலர்கள் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். இந்தச் சம்பவத்தை ராஜாவின் வாழ்க்கையிலிருந்து கழித்துவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல மனிதர், எளிமையானவர், சொந்த வீட்டை ஊருக்குக் கொடுத்தவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் குடியரசு பிறந்து பதினாறாவது நாள், அவர் முதலமைச்சராக இருந்த மாநிலத்தின் சிறையில் 22 பேர். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். இந்தக் கட்டுரையின் கடைசியில் அது திரும்ப வரும்.

அதே ஆட்சியில்தான் வகுப்புவாரி அரசாணை நீதிமன்றத்தில் விழுந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சென்னை அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது; அதன் விளைவாகத்தான் அரசியலமைப்பின் முதல் திருத்தம். இந்து சமய அறநிலையச் சட்டம் 1951இல் வந்ததும் இந்த அமைச்சரவையில்தான். இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், புரிக்குப் போகும்போது வேண்டும்.

பிறகு 1952 தேர்தல். 375 இடத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. ஆட்சியிலிருந்த மந்திரிகள் பலர் தோற்றார்கள். முதலமைச்சரே தோற்றார், அதுவும் சொந்தச் சீமையான ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலேயே. அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் காமராஜ் ஜெயித்து டெல்லிக்குப் போனார். ஒரே மண், ஒரே கட்சி, ஒரே தேர்தல். "பெரிய ஓட்டுல ஜெயிக்க வச்சாங்க, சின்ன ஓட்டுல கவுத்துட்டாங்க" என்று ஊர் பேசியிருக்கும். பேசாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தோற்றதைவிட, அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒன்று கூடி, எங்களைக் கூப்பிடுங்கள் என்று நின்றன. மார்ச் மாதம்தான் ஆளுநராக வந்திருந்த ஸ்ரீபிரகாசா ராஜாஜியைக் கூப்பிட்டார். ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை, எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. ஆளுநர் தன் கையில் இருந்த நியமன அதிகாரத்தை எடுத்து அவரை மேலவை உறுப்பினராக்கினார். ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதலமைச்சர். பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார், வழக்கு நிற்கவில்லை.

பதவி விலகிக்கொண்டிருந்த குமாரசாமி ராஜா இதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவருக்கு ஓட்டுப் போட மக்கள் மறுத்தார்கள், அவர் இறங்கினார். அவருக்கு அடுத்து வந்தவரை ஒரு பேனா ஏற்றி வைத்தது. அலங்காரப் பதவி என்று சொல்லப்பட்ட ஒரு பதவி மனசு வைத்தால் என்ன செய்யும் என்பதைக் குடியரசு இந்தியாவில் முதலில் நேருக்கு நேர் கண்ட முதலமைச்சர் அவர்தான். இரண்டு வருஷத்தில் அந்தப் பேனாவில் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

ஆளுநரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் அரசியலமைப்பின் வரைவில் முதலில் இருந்தது. 1949 மே கடைசியில் அரசியல் நிர்ணய சபை அதை மாற்றி, குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று ஆக்கியது. ஓட்டு வாங்கி வந்த முதலமைச்சருக்கு எதிரில் ஓட்டு வாங்கி வந்த இன்னொருவர் உட்கார்ந்தால் இரண்டு கத்தி ஒரு உறையில் இருக்காது என்பது காரணம். கட்சிச் சண்டைக்கு அப்பாற்பட்ட, வெளி மாநிலத்துப் பெரிய மனிதர்களைப் போடலாம் என்று நேரு நினைத்தார். படிப்பாளிகள், பொதுவாழ்வில் பேர் எடுத்தவர்கள் என்பது கனவு.

நடைமுறை வேறு மாதிரி போனது. கட்சிக்குள் தோற்ற, விலகிய, ஒதுக்கப்பட்ட முதலமைச்சர்களுக்கு ஆளுநர் மாளிகை ஒரு சத்திரமானது. ஒரிசாவின் பழைய முதலமைச்சர் ஹரேகிருஷ்ண மஹதாப் 1955இல் பம்பாய்க்கு ஆளுநர். ஹைதராபாத் முதலமைச்சராக இருந்த பூர்குல ராமகிருஷ்ண ராவ் 1956இல் கேரளத்துக்கு. ராஜாவுக்குப் பிறகு ஒரிசாவுக்கு வந்த பீம்சேன் சச்சார் பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சர். இந்த வரிசையில் முன்னால் நிற்கிறவர் நம்ம ஊர்க்காரர். மரியாதையா, நாடுகடத்தலா என்று கேட்டால், ரெண்டும்தான் என்பேன். சம்பளம் மாதம் 5,500 ரூபாய் என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையிலேயே எழுதியிருந்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. அதற்கு முன் சென்னையில் ஆளுநராக இருந்த பவநகர் மகாராஜா, ராஜா முதலமைச்சராக இருந்த காலத்தின் பெரும்பகுதி ஆளுநராக இருந்தவர், ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார் என்பது பிரசித்தம். அவர் நிஜ ராஜா, கட்டுப்படியாகும்.

ஒரிசாவில் நிஜ ராஜாக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 24 சமஸ்தானங்கள் ஒரிசாவில் இணைந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அரண்மனை இழந்தவர்கள் கணதந்திர பரிஷத் என்று ஒரு கட்சி கட்டி 1952 தேர்தலில் 31 இடம் பிடித்திருந்தார்கள். 140 பேர் சபையில் காங்கிரசுக்கு 67. அங்கேயும் பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகளை வைத்து நவகிருஷ்ண சௌத்ரி ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். பேரில் மட்டும் ராஜாவான ஒருவர், நாற்காலி இழந்த நிஜ ராஜாக்கள் எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்த சபைக்குப் போய் ஆளுநர் உரை வாசிக்க வேண்டும். இந்த வேடிக்கையை எழுத ஒரு நல்ல நாவலாசிரியர் கிடைக்கவில்லை.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். நம்ம பக்கத்துத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் எல்லாம் அந்தப் பிரயாணத்தில் தொடங்கியவை. சென்னையிலிருந்து ஹவுரா போகிற அந்தத் தடத்தில் கல்கத்தாவுக்கு முந்தைய பெரிய ஊர்களில் ஒன்று கட்டாக். முப்பது வருஷம் கழித்து அதே தடத்து ஊருக்குப் போனவர் எதையும் கற்றுக்கொண்டு வந்து தொழில் தொடங்கப் போகவில்லை. தெரிந்ததைச் செய்யாமல் இருக்கப் போனார்.

ஆளுநரின் வேலை என்ன? 1955ஐ எடுத்துக்கொள்வோம், அவர் ஒரிசாவில் முழுசாக இருந்த முதல் காலண்டர் வருஷம் அதுதான்.

ஜனவரி 26க்குக் கொடி. ஆகஸ்ட் 15க்கும் கொடி அவர்தான். சுதந்திர தினத்தில் முதலமைச்சர்கள் கொடியேற்றும் உரிமையைக் கருணாநிதி கேட்டு வாங்கியது 1974இல். அதுவரை இரண்டு நாளும் ஆளுநர் கையில்தான் கயிறு. வருஷத்தின் முதல் கூட்டத்தொடருக்கு உரை. பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் பட்டமளிப்பு. மந்திரிகளுக்குப் பதவிப் பிரமாணம். மசோதாக்களுக்குக் கையெழுத்து. அரசின் எல்லா உத்தரவும் அவர் பேரில் போகும், ஒன்றுகூட அவர் உத்தரவு கிடையாது. மூன்று வருஷம் ஒரு பெரிய மாகாணத்தின் கோப்புகளைப் பார்த்துத் திருப்பி அனுப்பிய, அடித்துத் திருத்திய கை, இனி கீழே ஒரு கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம்ம சித்தர்களுக்குத் தெரியும், ரிட்டயர் ஆன தாசில்தார்களுக்கும் தெரியும்.

உரையைப் பற்றி ஒரு வார்த்தை. "என் அரசு" என்று ஆளுநர் வாசிக்கிற அந்த உரையை எழுதுவது அமைச்சரவை. 2023 ஜனவரி 9 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் ஆளுநர் ஆர்.என். ரவி அந்த உரையில் சில பகுதிகளை விட்டுவிட்டு வாசித்ததும், பிறகு தேசிய கீதத்துக்கு முன்னாலேயே அவையை விட்டு வெளியேறியதும் நமக்கெல்லாம் தெரியும். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்ட பிறகு, தமிழ்நாட்டில் இந்தப் பதவியைப் பற்றிப் பேசினாலே தாடி வந்துவிடுகிறது. தாடி தாடியாக இருந்தால் ஆட்டுக்குத் தொந்தரவு இல்லை என்பது என் கட்சி. அது கொம்பாக நினைத்துக்கொள்ளும்போதுதான் பிரச்சினை. கொம்பாக இருந்து பழகிய ஒருவர் தாடியாக இருக்கச் சம்மதித்தார் என்பதுதான் ராஜாவின் ஒரிசா வருஷங்களில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த வருஷம் ஒரிசாவில் சும்மா போகவில்லை. 1955 ஜனவரியில் வினோபா வங்காளத்திலிருந்து ஒரிசாவுக்குள் நடந்து வந்தார். இலையுதிர் காலம் வரை அங்கேயேதான் நடந்தார். பூதானம் கிராமதானமானது அங்கேதான் பெரிய அளவில் நடந்தது. கோராபுட் மலைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கிராமங்கள் நிலம் முழுவதையும் ஊர்ப் பொதுவுக்கு எழுதிக் கொடுத்தன. முதலமைச்சர் சௌத்ரியே காந்தியர்; அடுத்த வருஷம் பதவியை விட்டு இறங்கி அந்த இயக்கத்துக்குப் போய்விட்டார். ஆளுநரும் காந்தியர். ஒரு மாநிலத்தின் அலங்காரத் தலைவரும் நிர்வாகத் தலைவரும் ஒரே கதரில் இருக்க, அவர்களுக்கு வெளியே ஒரு கிழவர் அரசாங்கம் இல்லாமலேயே நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு நடக்கிறார். கோராபுட்டும் கஞ்சமும் 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தவை. பெர்ஹாம்பூர்த் தெருவில் தெலுங்கு காதில் விழும். ராஜபாளையத்து வீட்டுத் தெலுங்குக்கும் அதற்கும் பல நூற்றாண்டு இடைவெளி, ஆனாலும் தெலுங்கு தெலுங்குதானே.

ஆளுநர் நிஜமாகவே பொறுப்பேற்க வேண்டிய ஒரு மூலையும் இந்தக் கோராபுட்டில்தான் இருந்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை பழங்குடிப் பகுதிகளைத் தனியாகக் குறித்து, அவற்றின் நிர்வாகத்தைப் பற்றி ஆளுநர் வருஷாவருஷம் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. அந்தப் பகுதிகளுக்கு ஒரு சட்டம் பொருந்தாது என்று அறிவிக்கவும், நிலக் கைமாற்றத்தைத் தடுக்கவும் விதி செய்யலாம். சென்னையில் அவர் பார்த்த அலங்காரப் பதவியைவிட இது கொஞ்சம் கனம் கூடிய அலங்காரம். கொடியும் உரையும் எல்லா மாநிலத்து ஆளுநருக்கும் உண்டு. மலைக் கிராமத்தைப் பற்றிக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை எல்லோருக்கும் கிடையாது.

புரிக்கு வருவோம். ஜகந்நாதர் தேரோட்டத்தன்று புரி கஜபதி மன்னர் தேர் மேல் ஏறித் தங்கப் பிடி போட்ட துடைப்பத்தால் பெருக்குவார். செரா பஹரா என்று பெயர். மன்னரும் சாமிக்கு முன்னால் ஒரு துப்புரவுக்காரர்தான் என்பது அதன் அர்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்த்து வளர்ந்த வட்டாரத்து ஆளுக்குத் தேர் புதிசு இல்லை. (சென்னை அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் வில்லிபுத்தூருடையது என்று எங்க பக்கம் அடித்துச் சொல்வார்கள். மதுரை என்று சொல்கிறவர்களோடு சண்டைக்கு நேரமில்லை.) தேர் மேல் ராஜா துடைப்பம் பிடிப்பதுதான் புதிசு.

1955இன் 11ஆம் ஒரிசாச் சட்டம் என்பது ஜகந்நாதர் கோயில் சட்டம். அதுவரை புரி மன்னர் கையில் இருந்த கோயில் நிர்வாகத்தை ஒரு குழுவிடம் கொடுக்கிற சட்டம். மன்னர் குழுவுக்குத் தலைவராக இருக்கலாம், பூஜை முறையில் அவருக்குள்ள இடம் அப்படியே இருக்கும், ஆனால் கணக்கும் சாவியும் இனி அவருடையதல்ல. நடைமுறைக்கு வர 1960 ஆனது. மன்னர் வழக்குப் போட்டார். 1964இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சென்னையில் அறநிலையச் சட்டம் கொண்டு வந்த அமைச்சரவையின் தலைவர், இங்கே இன்னொரு மாநிலம் அதே வேலையைச் செய்யும்போது ஆளுநர் நாற்காலியில் இருந்தார். அங்கே சட்டம் அவருடையது. இங்கே அவர் பேர் மட்டும்.

புரி மன்னருக்கு மிஞ்சியது துடைப்பம் என்று ஏளனமாகச் சொல்லலாம். எழுபது வருஷம் கழித்துப் பார்த்தால், நிர்வாகக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. துடைப்பம் பிடித்த கஜபதியைப் பார்க்க இன்றைக்கும் லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். சடங்குக்கு ஒரு ஆயுள் இருக்கிறது. அதைச் செய்கிறவர் சடங்கைவிடத் தன்னைப் பெரிதாக நினைக்காதவரை அது ஓடும்.

ஆனால் துடைப்பத்தால் தடுக்க முடியாதவையும் உண்டு. 1955 செப்டம்பரில் மகாநதி கரையை உடைத்தது. தலேய்காய் என்ற இடத்தில் ஏற்பட்ட உடைப்பு ஒரிசா வெள்ள வரலாற்றில் தனிப் பெயராகவே நின்றுவிட்டது. ஹிராகுட் அணை முடிய இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. நேரு அதைத் திறந்தது 1957 ஜனவரியில். வெள்ளம் வடிவதற்குள், செப்டம்பர் 30 அன்று, மாநிலச் சீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. ஆணையத்தின் தலைவர் சையத் ஃபசல் அலி. ராஜாவுக்கு முன்னால் ஒரிசா ஆளுநராக இருந்தவர் அவர்தான்; அவர் ஆணையத்துக்குப் போனதால்தான் கட்டாக் நாற்காலி காலியானது. சரைகேலா, கர்சாவான் என்ற இரண்டு பழைய சமஸ்தானங்களைப் பீகாரிலிருந்து எடுத்துத் தர வேண்டும் என்று ஒரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிடைக்கவில்லை. பீகாரோடு தமக்கு நீண்ட தொடர்பு இருப்பதால் அந்த எல்லைத் தகராறில் தாம் கலந்துகொள்ளவில்லை என்று ஃபசல் அலி அறிக்கையிலேயே குறிப்பு எழுதியிருந்தார். ஒரியர்களுக்கு அது என்ன ஆறுதல்?

1956 ஜனவரியில் கட்டாக்கும் புரியும் எரிந்தன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ரயில் நிலையங்கள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதே ஜனவரியின் 26ஆம் தேதி குடியரசு நாள். கொடிக் கயிறு ஆளுநர் கையில்.

சேலத்தில் சுட்டபோது அவர் முதலமைச்சர். தடுத்திருக்க வேண்டியவர் என்று அவரைக் கேட்க முடிந்தது, கேட்டார்கள். அவருடைய தேர்தல் தோல்வியில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். ஒரிசாவில் சுட்டபோது அவரைக் கேட்க ஒன்றுமில்லை. போலீஸ் அவர் பேரில் இயங்கியது, அவர் சொல்லி இயங்கவில்லை. அலங்காரப் பதவியின் கசப்பு இங்கேதான் இருக்கிறது. ஒதுங்கி இருப்பது நாகரிகம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். தெருவில் பையன்கள் செத்துக் கிடக்கிறபோது அந்த நாகரிகம் தின்னவா, உடுக்கவா? ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தில் பெரும்பான்மை இல்லாத ஒரு அமைச்சரவை. எதிரில் அரண்மனைகளின் கட்சி. தெருவில் கலவரம். டெல்லிக்கு ஒரு அறிக்கை அனுப்பி, அரசியல் சாசனப்படி ஆட்சி நடக்கவில்லை என்று ஒரு வரி எழுத ஆசைப்படும் ஆளுநருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பின்னால் வந்தவர்கள் இதைவிடக் குறைந்த காரணத்துக்கு எழுதினார்கள். 1959 ஜூலையில் கேரளத்தில் நடந்தது அதுதான். பெரும்பான்மை இருந்த நம்பூதிரிபாட் அரசு போனது, அப்போது ஆளுநர் முன்னாள் முதலமைச்சர் ராமகிருஷ்ண ராவ். ஒரிசாவில் சௌத்ரி அமைச்சரவை கலையவில்லை. அவராக விலகுகிற 1956 அக்டோபர் வரை நீடித்தது.

ராஜா அதற்குள் அங்கே இல்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஐந்து வருஷப் பதவியில் இரண்டரை வருஷம் முடிந்திருந்தது. 1956 செப்டம்பரில் விலகினார், சச்சார் வந்தார். சென்னை திரும்பியபோது மாகாணமே வேறாக இருந்தது. அவர் ஆண்ட சென்னையில் ஆந்திரம் இருந்தது, மலபார் இருந்தது, தென்கன்னடம் இருந்தது. ஆந்திரம் 1953இலேயே போய்விட்டது. நவம்பர் 1ஆம் தேதி மற்ற இரண்டும் போய், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. செங்கோட்டை ராஜபாளையத்திலிருந்து தெற்கே மலையோரமாகப் போனால் வருகிற ஊர். அவர் ஊருக்குப் பக்கத்து எல்லை நகர்ந்துவிட்டது, அவர் ஆண்ட எல்லை சுருங்கிவிட்டது.

காமராஜ் தன் விஷயத்தில் 1952ஐ மறக்கவில்லை. 1954இல் முதலமைச்சரானபோது அவரும் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மேலவைக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் போகாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி வந்தார். 1957 தேர்தலில் சாத்தூர், சொந்த மாவட்டம். அந்தத் தேர்தலின் ஓட்டுப் பெட்டிகள் மூடியும் மூடாமலும் இருந்த மார்ச் நடுவில் குமாரசாமி ராஜா சென்னையில் காலமானார். வயது 58.

ராஜபாளையத்தில் அவர் வாழ்ந்த வீட்டை முன்பே ஊருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அது காந்தி கலை மன்றமாக இருக்கிறது.